பிள்ளை மடுவம் முதல் பால்வாடி வரை

வேலைக்குப் போகும் தாயின் கைக்குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது, அது வளர்ந்தபின் எந்த வயதில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் தமிழகத்தில் தனித்தனியாகவே விடை தேடப்பட்டது. முதலாவது, தொழிற்சாலைச் சட்டங்களுக்குள்ளும் தோட்டச் சட்டங்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதைக் கல்வித் துறையும் சமூகநலத் துறையும் எடுத்துக்கொண்டன. காப்பகம் தாயின் வேலையைக் கணக்கில் வைத்து உருவானது. பள்ளி பிள்ளையின் வயதைக் கணக்கில் வைத்து உருவானது. காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்துக்கும் மாலையில் திரும்பி வரும் நேரத்துக்கும் இடைப்பட்ட முழுப் பகலை இரண்டுமே அளந்து பார்க்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நீளும் இந்த வரலாற்றில் மறுபடி மறுபடி தலைகாட்டும் குறை இதுதான்.

ஆலைகள் வருவதற்கு முன்பும் பெண்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் கதிர் அறுப்புக்கும் போன கூலிப் பெண்கள் பச்சைக் குழந்தையைக் கூடவே கொண்டுபோனார்கள். வரப்போரத்து மரக்கிளையில் பழஞ்சேலையைத் தூளியாகக் கட்டி, அதில் குழந்தையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார்கள். தூளியை ஆட்ட ஆறேழு வயது மூத்த பெண்பிள்ளை ஒன்று கீழே உட்கார்ந்திருக்கும். வீட்டில் கிழவி இருந்தால் இரண்டு பிள்ளைகளும் அவள் பொறுப்பு. கிழவி இல்லாத வீட்டில் தம்பி தங்கையைத் தூக்கி வளர்ப்பது அந்த மூத்த பெண்ணின் முழுநேர வேலையாகிவிடும். கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் வந்த பிறகும் அவள் பள்ளிக்கு வராமல் நின்றதற்கு இது முக்கியமான காரணம். கைக்குழந்தைக்குக் காப்பகத்தில் ஓர் இடம் கிடைத்தால் அவளுக்குப் பள்ளியில் ஓர் இடம் கிடைக்கும். கல்வித் திட்டம் வகுத்தவர்கள் இந்தத் தொடர்பைக் கண்டுகொள்ள வெகுகாலம் ஆனது.

பஞ்சாலைகள் வந்தபோது தூளி கட்ட மரம் இல்லாமல் போனது. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. 1891இல் அந்த வயது ஒன்பதாகவும் 1922இல் பன்னிரண்டாகவும் உயர்ந்தது. பிள்ளைகள் ஆலையை விட்டு வெளியே அனுப்பப்பட்டார்கள், ஆனால் எங்கே போவார்கள் என்று இந்தச் சட்டங்கள் கேட்கவில்லை. தாய்மார் கைக்குழந்தையை எந்திரத்தின் பக்கத்திலேயே துணிவிரித்துப் படுக்கவைத்தார்கள். பஞ்சுத் தூசியில் குழந்தை உறங்கியது. பம்பாய் ஆலைப் பகுதிகளில் குழந்தைக்குச் சிறிது அபின் கொடுத்து உறங்கவைத்துவிட்டு வேலைக்குப் போகும் வழக்கம் இருந்ததை அக்கால விசாரணைகள் பதிவு செய்துள்ளன.

ஐரோப்பாவில் இதற்கான முயற்சிகள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் ஆலை ஊரில் ராபர்ட் ஓவன் 1816இல் தொழிலாளர் பிள்ளைகளுக்காகக் குழந்தைப் பள்ளி திறந்தார். பாரிஸில் 1844இல் ஃபிர்மின் மார்போ ஏழைத் தாய்மாருக்காகப் பகல்நேரக் காப்பகம் தொடங்கினார். இந்தியாவில் இந்த எண்ணத்துக்கு அரசு ஏட்டில் வலுவான இடம் கிடைத்தது, 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் ஆணையத்தின் வழியாகத்தான். ஜே. எச். விட்லி தலைமையிலான அந்த ஆணையம், பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் உள்ள ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கச் சொல்லும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியது.

அந்தப் பிரிவை ஒட்டி எழுதப்பட்ட விதிகளைப் படித்தால், எழுதியவர்கள் ஓர் உண்மையான அறையை மனத்தில் கண்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஒரு குழந்தைக்கு இருபது சதுர அடி இடம். ஒவ்வொன்றுக்கும் படுக்கையுடன் ஒரு தொட்டில் அல்லது கட்டில். குளிப்பாட்ட ஓர் இடம், சோப்பு, துவாலை, மாற்றுத்துணி. நாளுக்குக் குறைந்தது அரை பைண்ட், அதாவது கால் லிட்டருக்குச் சற்றே கூடுதலான, சுத்தமான பால். இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்குப் பாலோடு சத்தான சிற்றுணவு. தாய் வேலைக்கு நடுவே வந்து பால் கொடுத்துவிட்டுப் போக இடைவேளை. ஆனால் பாட்டு, கதை, விளையாட்டு, எழுத்து, எண் பற்றிய பேச்சு அதிகம் இல்லை. குழந்தை பத்திரமாக இருக்க வேண்டும், பசிக்காமல் இருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையும் ஆறு மாதப் பிள்ளையும் அதே அறையில், அதே ஆயாவின் கண்ணெதிரில்.

ஐம்பது என்ற எண்ணிக்கையும் தொல்லையாக முடிந்தது. 1976இல் அது முப்பதாகக் குறைக்கப்பட்டது. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் பெண் தொழிலாளர்கள் மட்டுமே. ஆண் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த அறையில் உரிமை இல்லை. ஆகவே காப்பகத்தின் செலவு பெண்ணை வேலைக்கு வைப்பதற்கான கூடுதல் செலவாக முதலாளிகளுக்குத் தோன்றியது. பெண்களின் எண்ணிக்கையை வரம்புக்குக் கீழே நிறுத்துவதும், மணமாகாத இளம்பெண்களையே தேடி எடுப்பதும் பல தொழில்களில் நடந்தன. தாய்க்கு உதவ வந்த பிரிவு சில இடங்களில் தாய்க்கே கதவை அடைத்தது. சட்டத்தின் நோக்கத்தில் பழுதில்லை, எண்ணிய முறையில்தான் பழுது.

காப்பகமும் பள்ளியும் ஒரே கையில் இருந்த இடம் ஒன்று உண்டு. அது தேயிலைத் தோட்டம். நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கையின் மலையகத்திலும் குடும்பம் குடும்பமாகக் குடியேற்றப்பட்டவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்து தோட்டத்திலேயே வேலை செய்தார்கள். கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. அவர்கள் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்றாக வேண்டும். நேரம் தவறினால் அன்றைய பேர், அதாவது நாள்கூலி, போய்விடும். மலையகத்தில் பிள்ளை மடுவம் என்றும் பிள்ளைக் காம்பரா என்றும் அழைக்கப்பட்ட அறையில் குழந்தையை ஆயம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுவார்கள். கூரையின் குறுக்குக் கட்டையிலிருந்து வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். முதல் நிறுவைக்குக் கொழுந்தைக் கொண்டுவரும் தாய் ஓட்டமாக மடுவத்துக்குள் நுழைந்து பால் கொடுத்துவிட்டு மீண்டும் மலைக்குப் போவாள். அவள் பறிக்கும் மலை மடுவத்திலிருந்து தொலைவில் இருக்கும் நாட்களில் குழந்தை காத்திருக்க வேண்டியதுதான்.

தோட்ட நிர்வாகம் இதற்குச் செலவிட்டது கருணையால் மட்டுமல்ல. பிள்ளைக்கு இடம் இல்லையென்றால் பறிக்க ஆள் இல்லை என்பது துரைமாருக்குத் தெரியும். பள்ளி விஷயத்தில் இந்த அவசரம் இல்லாததால் அங்கே சட்டம் தலையிட வேண்டியிருந்தது. இலங்கையில் 1907இன் கட்டளைச் சட்டம் ஒன்று, தொழிலாளர்களின் ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தரும் பொறுப்பைத் தோட்டத்து மேலாளர்மேல் சுமத்தியது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே எழுதியது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள காப்பக அறை வேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றது அதன் 12ஆம் பிரிவு. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் பள்ளி வசதி செய்ய விதி வகுக்கலாம் என்றது 14ஆம் பிரிவு. மடுவத்தை விட்டுப் பள்ளிக்கு, ஒரே தோட்டத்துக்குள், ஒரே நிர்வாகத்தின் கீழ் என்ற இந்தத் தொடர்ச்சி நகரத்து ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்காதது. அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே சட்டம் தோட்ட வேலைக்கு வைத்த கீழ்வயது வரம்பும் பன்னிரண்டுதான். மடுவம், பள்ளி, கூடை என்று ஒரு பிள்ளையின் பாதை முழுவதும் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே வரையப்பட்டிருந்தது.

இதற்கிடையே குழந்தைக் கல்வி வேறொரு வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இல் பால மந்திர் தொடங்கினார். அவரோடு பணிபுரிந்த தாராபாய் மோடக், மராட்டியக் கடலோரத்துப் போர்டி கிராமத்தில் 1945இல் தொடங்கிய வேலை இந்தக் கட்டுரைக்கு நெருக்கமானது. ஏழைப் பிள்ளைகள் மையத்துக்கு வரவில்லை என்று கண்டதும், மையத்தைப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார். அங்கன்வாடி என்ற முறை அங்கிருந்துதான் வந்தது. சென்னைக்கு 1939இல் வந்த மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். இத்தாலி போரில் இறங்கியதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. அவரிடம் பயின்றவர்கள் வழியாக மாண்டிசோரி முறை நகரங்களின் தனியார் பள்ளிகளில் வேரூன்றியது. கிராமத்துக்கு வந்த வழி வேறு. கஸ்தூரிபா அறக்கட்டளையும், டாக்டர் சௌந்தரம் 1947இல் நிறுவிய காந்திகிராமமும் பால்வாடிப் பணிக்குப் பெண்களைப் பயிற்றுவித்தன. 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் உருவான மத்திய சமூகநல வாரியம் பால்வாடிகளுக்கு நிதி கொடுத்தது. ஊர்களில் மாதர் சங்கங்கள் அவற்றை நடத்தின.

பால்வாடியில் பாட்டும் கதையும் இருந்தன, ஆலைக் காப்பகத்தில் இல்லாதவை எல்லாம் இருந்தன. நேரம் மட்டும் இல்லை. காலையில் சில மணி நேரம் நடத்திப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடவுக்குப் போன தாய் மாலையில்தான் திரும்புவாள். இதனால் பால்வாடிக்கு ஒழுங்காக வந்தவை, பகலில் வீட்டில் ஆள் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான். எந்தப் பிள்ளைக்கு அது மிகவும் தேவையோ அந்தப் பிள்ளை வெளியே நின்றது.

பள்ளிக்கு முந்தைய பருவம் குறித்து மினா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு 1972இல் தந்த அறிக்கை, உணவு, உடல்நலம், கல்வி ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்றது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில், அங்கன்வாடி மையங்கள் வழியாக, தொடங்கியது. தமிழகத்தில் 1980இல் உலக வங்கி உதவியுடன் ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதந்தோறும் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து அட்டையில் புள்ளி வைத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துணவு உருண்டை; எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். நுணுக்கமான ஏற்பாடு, நல்ல பலனும் தந்தது. ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வீட்டில் ஒரு பெரியவர் பகலில் இருப்பார் என்று அது எடுத்துக்கொண்டது.

பகலின் நீளத்தை மாற்றியது 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம். காமராசர் காலத்து மதிய உணவு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே. எம்.ஜி.ஆரின் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்து தொடங்கியது. இரண்டு முதல் ஐந்து வயது வரை குழந்தைகள் நல மையத்தில் சோறு, அதன் பிறகு ஒன்பது வயது வரை பள்ளியில் சோறு. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் விரிந்தது. மதியம் சோறு போட வேண்டும் என்றால் மதியம் வரை மையம் திறந்திருக்க வேண்டும். உண்ட பிள்ளை உறங்க வேண்டும். உறங்கி எழும் பிள்ளையை மாலையில்தான் அழைத்துப்போக முடியும். எனவே பால்வாடி முழுப்பகல் இடமானது. காப்பக வசதி என்று யாரும் திட்டமிடாமலே, சோற்றின் வழியாக அது வந்து சேர்ந்தது. காலையில் ஆயா வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவதும், அம்மா வயலிலிருந்து நேராக மையத்துக்கு வந்து தூக்கிக்கொண்டு போவதும் ஊர்வழக்கம் ஆயின. வடமாநிலங்கள் பலவற்றில் அங்கன்வாடி மூன்று நான்கு மணி நேரம் நடந்த காலத்தில், தமிழகத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் நடந்ததை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குறித்து 2006இல் வெளிவந்த போகஸ் அறிக்கை குறிப்பிட்டது. இன்று மாநிலத்தில் ஐம்பத்துநாலாயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. அமைப்பாளர், சமையலர், ஆயா என்று ஏராளமான பெண்களுக்கு, அவர்களில் பல விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும், இத்திட்டம் வேலை கொடுத்தது. மற்றத் தாய்மாரை வேலைக்கு அனுப்பிவைத்த இந்தப் பெண்கள் முறையான அரசு ஊதியத்துக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பது இவ்வரலாற்றின் வருத்தமான பகுதி.

இரண்டு வயதுக்குக் கீழே இருந்த இடைவெளி அப்படியே நின்றது. மத்திய அரசு 1975இல் தொண்டு நிறுவனங்கள் வழியாக வேலைக்குப் போகும் தாய்மாருக்கான காப்பகங்களுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. 2006இல் அது ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டமாயிற்று. ஒரு கட்டத்தில் நாடெங்கும் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த அந்தக் காப்பகங்கள், 2017இல் நிதிப் பங்கீடு மாற்றப்பட்ட பின் சில ஆண்டுகளிலேயே எட்டாயிரத்துக்கும் கீழே போய்விட்டன.

வேலையின் தன்மை மாறியதும் சிக்கலைக் கூட்டியது. திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண் வீட்டில் இருந்தே சுற்றுகிறாள். 1966இன் பீடித் தொழிலாளர் சட்டம் தொழிற்கூடத்தில்தான் காப்பகம் கேட்டது, வீட்டுத் திண்ணைக்கு அது எட்டவில்லை. கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் பெண்ணுக்கு வேலையிடம் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். டெல்லியில் மீரா மகாதேவன் 1969இல் கட்டுமான இடத்திலேயே தொடங்கிய நடமாடும் காப்பகம் இதற்கு ஒரு முன்மாதிரி. 1996இன் கட்டடத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்று எழுதியது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும்போது தாய் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவுதான் வெளியே வருகிறாள். அங்கன்வாடி நான்கு மணிக்குள் மூடிவிடும். ஊரிலிருந்து பாட்டியை வரவழைத்துக் கூட வைத்துக்கொள்வதும், முடியாதபோது பிள்ளையைப் பாட்டியிடம் ஊரிலேயே விட்டுவருவதும் அங்கே இரண்டு தலைமுறையாக நடக்கின்றன.

ஓரளவு வசதியுள்ள குடும்பங்கள் எல்.கே.ஜி. பக்கம் திரும்பின. 1980களுக்குப் பின் சிற்றூர் வரை பரவிய நர்சரிப் பள்ளிகள் மூன்றரை வயதிலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொண்டன. இடம் பிடிக்க விடியற்காலையில் வரிசையில் நின்ற பெற்றோர் ஆங்கிலத்துக்காக மட்டும் நிற்கவில்லை. பிள்ளைக்குப் பகலில் ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவும் நின்றார்கள். சட்டம் இந்த வயதை ஒதுக்கியே வைத்திருந்தது. அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு முதலில் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தே பேசியது. 2002இன் 86ஆம் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது, ஆறுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அரசு முயல வேண்டிய கடமைகளின் பட்டியலில் விடப்பட்டார்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் மூன்று முதல் ஆறு வயதுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றதே தவிர, செய்தாக வேண்டும் என்று சொல்லவில்லை.

தமிழக அரசு 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. காப்பும் பள்ளியும் ஒரே வளாகத்துக்குள் வந்தன. ஆசிரியர் யார் என்ற கேள்வியில் திட்டம் தடுமாறியது. 2022இல் வகுப்புகளை நிறுத்திப் பிள்ளைகளைப் பழையபடி அங்கன்வாடிக்கே விடுவதாக அறிவிப்பு வந்தது. பெற்றோரின் எதிர்ப்புக்குப் பின் சிறப்பாசிரியர்களை வைத்துத் தொடர்வதாக முடிவு மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அம்மா முன்னதாகவே வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளை முன்பக்கமாக நீட்டித் தந்தது. மத்திய அரசின் பால்னா திட்டம் 2022 முதல் அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்று அது கணக்கிட்டது. பகலை மணிக்கணக்கில் எழுதிவைத்ததே பெரிய மாற்றம்.

சட்டத்திலும் கணக்கு மாறியது. 2017இன் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் ஐம்பது ஊழியர் உள்ள நிறுவனம் எதுவும் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. 2020இன் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஐம்பது தொழிலாளர் என்றே எழுதியது. ஆண் பெண் பிரித்து எண்ணும் வழக்கம் அங்கே முடிந்தது. பெண்ணை எடுத்தால்தான் காப்பகச் செலவு என்ற சாக்கும் அதோடு போனது. ஆனாலும் 2017இன் திருத்தத்தில், நாளுக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவரும் உரிமை தாய்க்கு மட்டுமே எழுதப்பட்டது. காப்பகத்துக்கான சட்டங்களும் திட்டங்களும் ஆறு வயதோடு நின்றுவிடுகின்றன. ஏழு வயதுப் பிள்ளை பள்ளி விட்ட நான்கு மணிக்கும் தாய் வீடு திரும்பும் ஏழு மணிக்கும் நடுவே எங்கே இருக்கும் என்பது இவற்றில் எதிலும் எழுதப்படவில்லை.